சீசனுக்குக் குற்றாலத்தில் வீடு பிடிப்பது

மத்தியதரைக் கடலோரம் ஆலிவ் தோப்புக்குள் வில்லா எடுத்துத் தங்குகிறவர்கள் வெயில் காயப் போகிறார்கள். நாம் ஆனி, ஆடியில் குற்றாலம் போவது நனைவதற்கு. அதனால் வீட்டைப் பார்க்கிற கண்ணும் வேறாக இருக்க வேண்டும். நீல வானமும் பச்சைப் புல்தரையுமாகப் போனில் வருகிற படங்கள் பங்குனி, சித்திரையில் எடுத்தவை. சீசனில் அந்த வீடு எப்படி இருக்கும் என்பதற்கு அதில் ஒரு தடயமும் கிடைக்காது.

லாட்ஜ் அறைகளை விட்டுவிட்டு மலையடிவாரத் தோப்பு வீடுகளில் குடும்பத்தோடு தங்கத் தொடங்கி வருஷங்கள் ஆகின்றன. ஐந்தருவிச் சாலை, பழைய குற்றாலத்துக்குப் போகும் ஆயிரப்பேரி வழி, இலஞ்சி, காசிமேஜர்புரம் என்று எல்லாப் பக்கமும் இருந்து பார்த்தாயிற்று. தோப்புக் காவலுக்கு இருந்த ஒரு பெரியவர் சொன்னதுதான் இன்றுவரை எனக்கு அளவுகோல்: "அண்ணாச்சி, வீட்ட மழை பெய்யும்போது வந்து பாருங்க. வெயில்ல எல்லா வீடும் நல்ல வீடுதாம்."

முதலில் பார்க்க வேண்டியது மேற்குப் பக்கத்தை. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற காற்றுதான் சாரலைக் கொண்டுவருகிறது. அது மேலிருந்து விழுகிற மழை இல்லை. பக்கவாட்டில் அடிக்கிற பொடித்தூறல். மேற்கே திறந்த வராந்தா பார்வைக்கு அழகாக இருக்கும், மலை முழுக்கத் தெரியும். சாரல் பிடித்துவிட்டால் அங்கே ஒரு நாற்காலி போட முடியாது. தலையணை வரைக்கும் ஈரம் ஏறிவிடும். கிழக்கு பார்த்த திண்ணையோ மூடிய தாழ்வாரமோ இருக்கிற வீடு பழையதாக இருந்தாலும் அதையே எடுங்கள். பாட்டியும் பேரப்பிள்ளைகளும் பகல் முழுக்க அங்கேதான் இருப்பார்கள். துணி காயப்போட உள்ளே கொடி கட்ட இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பத்துப் பேர் அருவியில் குளித்துவிட்டு வந்தால் இருபது ஈரத்துணி சேரும். வெளியே போட்டால் இரண்டு நாளானாலும் காயாது.

வீட்டை இவ்வளவு பார்ப்பதற்குக் காரணம் உண்டு. தண்ணீர் கூடினால் அருவியில் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். ஒரு மணி நேரத்தில் எடுத்தாலும் எடுப்பார்கள், இரண்டு நாள் நீடித்தாலும் நீடிக்கும். அந்த நேரம் முழுக்க வீட்டில்தான். தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. தம் கடைசிக் காலத்தைக் குற்றாலத்தில்தான் கழித்தார். ராஜாஜியும் கல்கியும் அவர் வீட்டுக்கு வந்து தங்கியிருக்கிறார்கள். கவிதையும் சாப்பாடும் பேச்சுமாக அங்கே பொழுது போனதைப் படிக்கும்போதெல்லாம், இந்த ஊரில் அருவிக்குச் சமமாக வீட்டுக்கும் இடம் உண்டு என்று தோன்றும்.

ஓடைக்கரை வீடு வேண்டவே வேண்டாம். அருவியில் வருகிற வெள்ளம் ஓடை வழியாகத்தான் இறங்கும், அதனால் இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். 2024 மே 17 அன்று, சீசன் தொடங்கும் முன்பே, பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். மேலே காட்டுக்குள் கொட்டுகிற மழை கீழே நிற்கிற நமக்குத் தெரியாது. நம் தலைக்கு மேல் வெயில்கூட அடித்துக்கொண்டிருக்கும். தண்ணீர் செம்மண் நிறமாக மாறினாலோ, சருகும் குச்சியும் சேர்ந்து வந்தாலோ, இரைச்சல் சட்டென்று கூடினாலோ, போலீஸ் விசில் வரைக்கும் காத்திருக்காமல் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியேறுங்கள். பேரருவியில் தண்ணீர் நடுவழியில் பொங்குமாங்கடல் என்கிற பள்ளத்தில் விழுந்து, நிரம்பி, வழிந்துதான் நம் மேல் இறங்குகிறது. அடி தாங்கக்கூடியதாக இருப்பதற்கு அந்தப் பள்ளம்தான் காரணம். வெள்ளத்தன்று அது போதாது.

ஜன்னலுக்குக் கம்பி மட்டும் போதாது, வலையும் வேண்டும். குரங்குக்குக் கம்பி ஒரு தடையே இல்லை. கூட்டமாகப் போகிறவர்கள் எத்தனை பேர் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள், வாசலில் வந்து நின்று தலைக்கு இவ்வளவு என்று பேரம் பேசுவது இரு தரப்புக்கும் சங்கடம். மின்சாரம் போனால் இன்வெர்ட்டர் எதற்கெல்லாம் ஓடும், மோட்டார் போடுவது யார், கேஸ் சிலிண்டர் வாடகைக்குள் சேர்த்தியா, இவற்றைப் போனிலேயே கேட்டுவிடலாம். வடகரை, மேக்கரைப் பக்கம் மலையை ஒட்டிய தோப்புகளுக்கு யானை வருவதுண்டு. அங்கே தங்கினால் இருட்டிய பிறகு வெளியே நடக்கிற ஆசையை விட்டுவிடுங்கள்.

சமையலுக்கு உள்ளூர் ஆள் ஒருவரைப் பேசிவைத்தால் பெண்களுக்கும் அது விடுமுறையாக இருக்கும். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. அருவிக்குப் போய்வந்த வயிறு காத்திருக்காது. சுடச்சுட ரசமும் துவையலும் இருந்தால் போதும். ஒரு ராத்திரி மட்டும் பிரானூர் பார்டருக்குப் போய்ப் பரோட்டாவும் கோழியும் சாப்பிட்டு வரலாம். சாலையோரம் மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்து வைத்திருப்பார்கள், காம்பு பச்சையாக இருக்கிறதா பார்த்து வாங்குங்கள்.

தனி அருவி உள்ள ரிசார்ட் என்று யாராவது ஆசை காட்டினால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். இயற்கையான நீர்ப்பாதையைத் திருப்பிச் செயற்கை அருவி உண்டாக்கிய விடுதிகள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022-இல் உத்தரவிட்டது. அருவியில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் கூடாது என்பதும் அதே நீதிமன்றம் சொன்னதுதான். எண்ணெய் தேய்த்துக்கொள்ள ஆசைப்பட்டால் வீட்டிலேயே தேய்த்து, சீயக்காய் போட்டு அலசிவிட்டு அருவிக்கு வாருங்கள். இந்தத் தண்ணீர்தான் சிற்றாறாகித் தென்காசியைத் தாண்டி வயலுக்கும் குளத்துக்கும் போகிறது.

சனி, ஞாயிறைத் தவிர்த்துத் திங்களில் போய் வியாழனில் திரும்பினால் வாடகையும் குறையும், வரிசையும் குறையும். சென்னைக்காரர்கள் பொதிகை எக்ஸ்பிரஸில் திரும்புவதாக இருந்தால் கடைசி நாள் காலைக் குளியலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சாயங்காலம் ஒரு முறை போகலாமே என்று பிள்ளைகள் கேட்பார்கள். போனால் ஈரத்துணி மூட்டையோடு தென்காசி ஸ்டேஷனில் ஓட வேண்டியிருக்கும்.