சுடுமேசைக்கு ஏற்ற ஆசனம்

அமெரிக்க நாட்டில் வளர்ந்துள்ள 'பெஞ்ச்ரெஸ்ட்' பந்தயத்தில், கனத்த மேசையொன்றின்மேல் முன்தாங்கியிலும் பின்புற மணல்பையிலும் ரைபிளைக் கிடத்தி, நூறு கஜ தூரத்திலுள்ள காகித இலக்கில் ஐந்து தோட்டாக்களைக் கூடுமானவரை ஒரே துவாரத்தில் செலுத்த முயல்கிறார்கள். மிக விலகி விழுந்த இரு துவாரங்களின் மையங்களுக்கு இடையிலுள்ள தூரமே வெற்றி தோல்வியை நிர்ணயிக்கிறது. 1951-இல் அதற்கென ஒரு தேசியச் சங்கம் ஏற்பட்டது முதல், குழலையும் தோட்டாவையும் தொலைநோக்கியையும் பற்றி அங்கே நடந்துள்ள ஆராய்ச்சிகள் அநேகம். அவ்வளவு சிரத்தையோடு கருவிகளைச் சேகரித்தவர்கள், சுடும் நேரத்தில் கைக்கு அகப்பட்ட நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்வது உண்மையில் வருந்தத்தக்கது. ஏனெனில் துப்பாக்கி அசையாதிருந்தாலும், அதன் பின்னால் இருக்கும் உடல் ஒவ்வொரு முறையும் ஒரே நிலையில் அமையாவிட்டால் அந்தச் சிரத்தையெல்லாம் வியர்த்தமாகிவிடும்.

ஆகையால், ஆசனம் வாங்கப் புறப்படுமுன் அளவுநாடாவுடன் மைதானத்துக்குச் செல்வதே முதற்காரியம். கான்கிரீட்டில் கட்டிய மேசைகள் இடத்துக்கு இடம் உயரத்தில் வேறுபடும். மேசையை நாம் மாற்ற இயலாது. தோட்டாவற்ற துப்பாக்கியைத் தாங்கிகளில் வைத்து, உறுதியான பலகைகளை அடுக்கி அவற்றின்மேல் அமர்ந்து பாருங்கள். பாதங்கள் இரண்டும் தரையில் நன்றாகப் பதிந்து, முழங்கால் இடுப்பைவிட உயராமல், முதுகு கூனாமல், தலையைச் சற்றே தாழ்த்திய மாத்திரத்தில் கண் தொலைநோக்கியின் நடுவில் வந்து நிற்குமானால், அதுவே உங்களுக்கு உரிய உயரம். அதற்குத் தாழ்ந்தால் தோள் மேலேறிக் கழுத்து பின்னுக்கு மடங்கும். உயர்ந்தாலோ மார்பு மேசைமேல் அழுந்தி, சுவாசம் தடைப்பட்டு, நாடித்துடிப்பும் மேசைக்குச் சென்று சேரும். கண் இம்மியளவு விலகினாலும், தொலைநோக்கியின் குறுக்குக்கோடு இலக்கின்மேல் நகர்ந்துவிட்டதாகத் தோன்றும் இடமாறு தோற்றப்பிழை நேரக்கூடும் என்பதை நினைத்தால், ஆசனத்தின் உயரம் வெறும் சௌகரிய விஷயமன்று என்பது விளங்கும்.

அடுத்ததாகக் கால்களைக் கவனியுங்கள். சரளைக்கல்லோ புல்லோ உள்ள தரையில் நான்கு கால் ஸ்டூல் ஒரு மூலையில் ஆடியே தீரும். மூன்று கால்களுடையதோ எத்தகைய மேடுபள்ளத்திலும் ஆடாமல் நிற்கும். ஆனால் பக்கவாட்டில் சாய்ந்தால் அது கவிழ்ந்துவிடக் கூடுமாதலால், கால்கள் இருக்கைப் பலகையின் விளிம்பைத் தாண்டி விரிந்திருத்தல் அவசியம். சக்கரம் வைத்த ஆசனம் எவ்வளவு அழகியதாயினும் வேண்டாம். மேசையோடு பிணைத்த இருக்கையும் வேண்டாம், அமர்ந்தவரின் சிறு அசைவும் அதன் வழியே துப்பாக்கியை எட்டிவிடும்.

உயரத்தை மாற்றும் அமைப்பில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வாயு உருளையால் ஏறியிறங்கும் அலுவலக ஆசனம் நாளடைவில் கசிந்து அமிழ்ந்துபோகும். துளையில் ஆணி செருகும் வகையில் அடுத்தடுத்த துளைகளுக்கு இடைப்பட்ட உயரம் கிட்டாது. பருத்த திருகுதண்டில் சுழன்று ஏறும் இருக்கையே சிரேஷ்டமானது. மேலைநாட்டு டிரம் வாத்தியக்காரர்கள் அமரும் வட்ட ஆசனத்தைச் சுடுவோர் பலர் விரும்பி வாங்குவது இதனால்தான். அதிலும் இருக்கைக்குக் கீழுள்ள பூட்டுமரையை இறுக்காமல் விட்டால், உடம்பைத் திருப்பும்போதெல்லாம் திருகு சிறிது ஏறும் அல்லது இறங்கும். சுடுபவர் காரணம் அறியாமல் தோட்டாவைப் பழிப்பார்.

இருக்கையின் மெத்தை அழுத்தமாக இருக்கட்டும். மென்மையான பஞ்சு கடையில் சுகமாய்த் தோன்றி, சுடுகையில் சிறிது சிறிதாக அமிழ்ந்து, முதல் குண்டுக்கும் ஐந்தாம் குண்டுக்கும் இடையே உயரத்தைக் குறைத்துவிடும். முன்விளிம்பு உருண்டிருந்தால் தொடையில் இரத்த ஓட்டம் தடைப்படாது. கைப்பிடி முழங்கைக்கு இடையூறு. சாய்மானத்துக்கும் இங்கே வேலையில்லை.

நீடித்த உழைப்புக்கு இரும்பே தக்கது. கால்கள் நடுத்தண்டோடு சேரும் இடத்தில் பற்றவைப்பு முழுவட்டமாக இருக்கிறதா, அடிக்குமிழ் ரப்பர்கள் தேய்ந்தால் மாற்றக்கூடியவையா என்று பாருங்கள். கடையிலேயே ஏழு நிமிஷம் அமர்ந்து பார்ப்பது நல்லது; பந்தயத்தில் ஐந்து குண்டுகளுக்கு அளிக்கப்படும் அவகாசம் அவ்வளவே. சுடும் பாவனையில் முன்னே சாயும்போது ஒரு கிறீச்சொலி கேட்டாலும் அதை வாங்காதீர்கள். சுடுதல் நிறுத்தப்பட்டதாக அறிவித்தவுடன் துப்பாக்கியைத் தீண்டாமல் எழுந்து விலகவேண்டுமாதலால், மேசைக் காலில் சிக்காமல் பின்னுக்குத் தள்ளவும் அது இசையவேண்டும்.

உயரம் அமைந்ததும் திருகுதண்டில் வண்ணத்தால் ஒரு கோடு இட்டுக்கொள்ளுங்கள். வேறு மைதானத்துக்குப் போனால் அங்குள்ள மேசைக்கு மறுபடியும் அளந்து, மற்றொரு நிறத்தில் இன்னொரு கோடு இடுங்கள்.