எழுத்து பெருத்தாலும் குலையாத பக்கம்

சைதாப்பேட்டை ரயில் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருக்கும் ஐம்பது வயது நெசவாளர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். தம் சங்கத்தின் இணையதளத்தில் வந்த உதவித் திட்ட அறிவிப்பைக் கைபேசியில் திறக்கிறார். எழுத்து சிறியது, ஆகவே பெரிதாக்குகிறார். எழுத்து பெருக்கிறது, அதைச் சுற்றிய கட்டம் பெருக்கவில்லை. விண்ணப்பத்திற்குரிய கடைசித் தேதி கட்டத்தின் அடியில் மறைந்துபோகிறது. நாற்பதைக் கடந்தோர்க்குக் கிட்டப் பொருள் மங்கித் தெரிதல் இயல்பு. ஆதலின் இது நம்மில் பலருக்கும் நேரக்கூடிய இடர்.

இதன் காரணத்தை நம் தறியே விளக்கும். துணியின் அகலத்தை அச்சு வரையறுக்கிறது. நீளமோ நெய்ய நெய்ய வளர்கிறது. இணையப் பக்கமும் அவ்வாறே அமைதல் வேண்டும். அகலம் திரையைப் பொறுத்தது. எழுத்து பெருத்தால் பக்கம் கீழ்நோக்கி நீள வேண்டும். நீளத்தையும் கட்டிப்போடுவதே பிழையின் வேர்.

தளம் அமைப்பவரிடம் சங்க நிர்வாகிகள் வற்புறுத்த வேண்டியவை ஐந்து:

1. எழுத்தளவைப் பிக்சல் கணக்கில் குறிக்கலாகாது. உலாவியின் அமைப்பில் வாசகர் தெரிந்தெடுத்த எழுத்தளவை அது பொருட்படுத்தாது. அவ்வளவை ஒட்டியே வளரும் ‘ரெம்’ என்னும் அலகைக் கையாளுதல் நன்று.

2. எழுத்துள்ள கட்டத்திற்கு நிலையான உயரம் கூடாது. குறைந்த அளவு உயரம் குறிக்கலாம். உச்ச அளவு குறித்தல் தவறு.

3. வரி இடைவெளி எழுத்தளவைப்போல் ஒன்றரை மடங்கு இருக்கட்டும். தமிழில் ‘கி’யின் சுழி மேலும், ‘ழு’வின் கால் கீழும் செல்வன. இடம் நெருங்கினால் அவை வெட்டுண்டு பொருள் மயங்கும்.

4. பல பத்திகளாக உள்ள பக்கம், இடம் போதாதபோது ஒரே பத்தியாக மாற வேண்டும். நீண்ட தமிழ்ச் சொல் கட்டத்தை மீறாமல் அடுத்த வரிக்கு மடிய வேண்டும்.

5. அறிவிப்பைப் படமாக மட்டும் ஒட்டுதல் கூடாது. படத்திலுள்ள எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் திரைக்கேற்ப மடிவதில்லை. விரலால் விரித்துப் பார்க்கும் வசதியையும் தடுக்கலாகாது.

இவை வெறும் விருப்பங்கள் அல்ல. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2008 டிசம்பரில் வெளியிட்ட நெறிமுறை, எழுத்தை 200 விழுக்காடு வரை பெரிதாக்கினாலும் செய்தியோ செயலோ இழக்கப்படலாகாது என்கிறது. 320 பிக்சல் அகலத்திலும் பக்கவாட்டில் நகர்த்தாமல் படிக்க இயல வேண்டும் என்பது 2018-இல் சேர்ந்தது. இந்திய அரசுத் தளங்களுக்கான வழிகாட்டு நெறிகளின் 2023-ஆம் ஆண்டுப் பதிப்பும் இவற்றைத் தழுவியதே. அரசுத் தளங்களின் மேற்புறத்தில் எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தான்களைப் பலரும் கண்டிருப்பீர்கள். பொத்தான் வைத்தால் மட்டும் போதாது. அழுத்திய பின் பக்கம் நிலைகுலையாதிருத்தலே பயன்.

சோதனை எளிது. கணினியில் சங்கத்தின் பக்கத்தைத் திறந்து, கன்ட்ரோல் விசையை அழுத்தியவாறே கூட்டல் குறியை 200 விழுக்காடு வரும்வரை தட்டுங்கள். பிறகு கைபேசியின் அமைப்பில் எழுத்தளவை மிகப் பெரிதாக்கிப் பாருங்கள். மறைந்த வரி உண்டா? ஒன்றன்மேல் ஒன்று ஏறிய சொல் உண்டா? அழுத்த இயலாத பொத்தான் உண்டா? ஒன்று இருப்பினும் பக்கத்தைத் திருத்தத் திருப்பி அனுப்புக.

இழை அறுந்த துணியை நாம் நல்ல துணி என்று கொள்வதில்லை. வரி அறுந்த அறிவிப்பையும் அவ்வாறே கருதுவோம். சங்கத்தின் செய்தி, கண் கூர்மையுள்ளோர்க்கு மட்டுமன்றி, அங்கத்தினர் அனைவர்க்கும் உரியதன்றோ?