லிஸ்ப் தந்த மக்கார்த்தி

கேள்வி: ஜான் மக்கார்த்தியைத் தாங்கள் ஓயாமல் புகழ்கிறீர்களே, 1958-இல் அவர் தொடங்கிய லிஸ்ப் என்னும் நிரல்மொழியை இன்று யார் சீந்துகிறார்கள்?

பதில்: சீந்துகிறவர் தொகை சொற்பந்தான், ஆயினும் அதில் ஒரு வரிகூட அறியாதவர்களும் அதன் பயனை நித்தமும் அனுபவித்து வருகிறார்கள். உபயோகம் முடிந்த நினைவகப் பகுதிகளை நிரல் எழுதுபவர் தம் கையாலேயே விடுவித்துக்கொண்டிராமல், எந்தத் தரவைச் சென்றடையும் வழி அற்றுப்போயிற்றோ அதனை இயந்திரமே கண்டறிந்து மீட்டுக்கொள்ளும் உபாயத்தை லிஸ்ப்புக்காகவே அவர் வகுத்தார். ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் பிற்காலத்தில் கைக்கொண்டது அந்தத் தத்துவத்தைத்தான்.

என்னை அதனினும் வசீகரிப்பது வேறொன்று. லிஸ்ப்பில் தரவும் பட்டியல், நிரலும் பட்டியல். ஆதலால் ஒரு நிரல் மற்றொரு நிரலைப் பிரித்துப் பார்க்கவும் புதிதாகச் சிருஷ்டிக்கவும் இயலும். அம்மொழியின் கோவைகளுக்கு மதிப்புக் காணும் ‘இவால்’ என்னும் சார்பை அம்மொழியிலேயே மக்கார்த்தி எழுதிக் காட்டியது சித்தாந்த நிரூபணமாக மட்டுமே. இது வாசிப்பதற்கன்றிக் கணிப்பதற்கன்று என்று அவரே சொல்லியும் கேளாமல், ஸ்டீவ் ரஸ்ஸல் என்னும் இளைஞர் அதை ஐ.பி.எம். 704 கணினியின் இயந்திர மொழியில் பெயர்த்து ஓட்டியே விட்டார். சிஷ்யர்கள் இப்படி வாய்க்க வேண்டும்! லிஸ்ப்பில் அடைப்புக்குறிகள் மிகுதி என்ற குறை மட்டும் நியாயமானதே. எண்ணிச் சரிபார்ப்பதற்குள் எனக்கும் கண் பூத்துப்போகிறது.