ஊழிச் சித்திரங்களும் வாசகர் குரலும்

நுழையும்முன்

உலகம் அழிந்தால் என்னவாகும் என்னும் வினா மனிதர்க்குப் பழமையானது. புராணம், காப்பியம், கவிதை, புதினம் என எல்லா வடிவங்களும் அவ்வினாவுக்கு விடை தேடியுள்ளன. இருபதாம் நூற்றாண்டில் சித்திரக்கதையும் அத்தேடலில் இணைந்தது. ஊழிக்காலத்தைக் காட்டும் அறிவியல் சித்திரக்கதைகளை வாசகர்கள் எவ்வாறு எதிர்கொண்டனர், அவர்தம் கருத்துகள் படைப்பை எவ்வாறு பாதித்தன, ஒரு படைப்பைப் பற்றிப் பொறுப்புடன் கருத்துரைப்பது எப்படி ஆகியவற்றை இப்பாடம் விளக்குகிறது.

தமிழ் மரபில் ஊழி

'ஊழி' என்னும் சொல் நெடுங்காலத்தையும் அக்காலத்தின் முடிவையும் குறிக்கும். கீரந்தையார் பாடிய பரிபாடலின் இரண்டாம் பாடல், ஐம்பூதங்கள் ஒன்றிலிருந்து ஒன்றாகத் தோன்றிய முறையைக் கூறுகிறது. ஊழிகளின் நீட்சியை நெய்தல், குவளை, ஆம்பல் முதலிய பேரெண்களால் அளந்து காட்டுகிறது. எண்ணிப் பார்க்க இயலாத காலத்தை எண்ணால் அளக்க முனைந்த அப்பாடலில், இன்றைய அறிவியல் புனைகதையின் வேட்கை ஒன்று தென்படுகிறது.

எட்டயபுரத்தில் 1882ஆம் ஆண்டு பிறந்த பாரதியார் 'ஊழிக்கூத்து' என்னும் கவிதையைப் படைத்தார். அண்டங்கள் மோதிச் சிதறும் பேரழிவைப் பாடும் அக்கவிதை, சினம் விலகி ஆனந்தக் கூத்து தொடங்குவதில் நிறைவுறுகிறது. அழிவைப் பாடும் படைப்பு அழிவோடு நின்றுவிட வேண்டியதில்லை என்பதற்கு அது சான்று.

தமிழில் சித்திரக்கதை

தமிழ்ச் சித்திரக்கதை வரலாற்றில் கரிசல் நிலத்திற்குத் தனியிடம் உண்டு. கோவில்பட்டிக்கு அண்மையிலுள்ள சிவகாசி, தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் அச்சுத்தொழிலுக்கும் பெயர்பெற்ற நகரம். அந்நகரிலிருந்து 1972ஆம் ஆண்டு முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியது. அதன் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. இங்கிலாந்தின் 'வேலியண்ட்' இதழில் வெளிவந்த கதையின் தமிழாக்கம் அது. ஒரு கையை இழந்து இரும்புக்கை பொருத்தப்பட்ட நாயகன், மின்சாரம் உடலில் பாய்ந்ததும் கை மட்டும் தெரிய மற்ற உடல் மறைந்துபோகும் ஆற்றலைப் பெறுகிறான். அறிவியல் கற்பனை தமிழ்ச் சிறுவர்களின் கைக்கு மலிவு விலையில் வந்துசேர்ந்த வழிகளுள் இது முதன்மையானது.

1984ஆம் ஆண்டில் அதே சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸும், தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸும் வெளிவரத் தொடங்கின. பேருந்து நிலையப் பெட்டிக்கடைகளில் தொங்கிய இவ்விதழ்கள், நூலகம் இல்லாத சிற்றூர்களிலும் வாசிப்பை வளர்த்தன. பாடநூலுக்குள் மறைத்து வைத்துப் படித்த தலைமுறையினர் பலர், பிற்காலத்தில் அதே இதழ்களைத் தேடித் தொகுக்கும் சேகரிப்பாளர்களாயினர்.

வாசகர் மடல் என்னும் மன்றம்

சிவகாசி இதழ்களின் சிறப்புகளுள் ஒன்று, ஆசிரியரும் வாசகரும் இடையறாது நிகழ்த்திய உரையாடல். ஆசிரியர் தம் பக்கத்தில் அடுத்து வரும் கதைகளைப் பற்றி எழுதுவார். வாசகர்கள் அஞ்சலட்டையிலும் உள்நாட்டு அஞ்சல் உறையிலும் பாராட்டும் குறையும் எழுதி அனுப்புவர். தேர்ந்தெடுத்த மடல்கள் அச்சேறும்.

இத்தகைய கருத்துகளைத் தொகுத்து நோக்கினால் மூன்று வகை வாசகர்களைக் காணலாம். முதல் வகையினர் நினைவின் வழியே வாசிப்பவர். இளமையில் தாம் கண்ட நாயகனை மீண்டும் காண விரும்புபவர். இரும்புக்கை மாயாவியின் மறுபதிப்பு அவர்களுக்கு மகிழ்ச்சி தரும். இரண்டாம் வகையினர் புதுமையை நாடுபவர். நாயகன் வெல்வான் என்ற உறுதி இல்லாத கதைகளை அவர்கள் வரவேற்பர். மூன்றாம் வகையினர் வடிவத்தை உற்றுநோக்குபவர். ஓவியத்தின் கோடு, வண்ணம், எழுத்தின் அளவு, மொழிபெயர்ப்பின் ஓட்டம் ஆகியவற்றை ஆராய்பவர்.

ஊழிக்கதை இம்மூவகையினரையும் ஒருங்கே சோதிக்கிறது. அங்குப் பழகிய நாயகன் இல்லை. இனிய முடிவுக்கு உறுதி இல்லை. ஓவியமும் பெரும்பாலும் இருண்டே இருக்கும். ஆகவே, ஒரே தொகுப்பை ஒருவர் 'தலைசிறந்த படைப்பு' என்பதும், மற்றொருவர் 'மனச்சோர்வு தருவது' என்பதும் இயல்பு.

உலக அரங்கில் ஊழிச் சித்திரங்கள்

1979ஆம் ஆண்டு பெல்ஜிய ஓவியர் எர்மான் 'ஜெரெமயா' வரிசையைத் தொடங்கினார். உள்நாட்டுப் போரால் சிதைந்த அமெரிக்காவில் இரு இளைஞர்கள் மேற்கொள்ளும் பயணம் அதன் களம். 1982இல் ழாக் லோப் எழுத, ழான் மார்க் ரொஷெத் வரைந்த பிரெஞ்சுக் கதையொன்று, பனியில் உறைந்த உலகில் நில்லாது ஓடும் தொடர்வண்டியைக் காட்டியது. முன்பெட்டிகளில் செல்வர், கடைசிப் பெட்டிகளில் ஏழையர். பேரழிவு வந்தாலும் ஏற்றத்தாழ்வு தானாக அழிவதில்லை என்பதை அக்கதை உணர்த்தியது. 2013இல் அது திரைப்படமாகவும் வெளிவந்தது.

வாசகர் கருத்தின் ஆற்றலையும் அதன் எல்லையையும் அறிவதற்கு அர்ஜென்டினா நாட்டின் 'எல் எட்டெர்னௌட்டா' என்னும் தொடர் ஏற்றது. எக்டர் ஹெர்மன் ஊஸ்டர்ஹெல்டு எழுத, பிரான்சிஸ்கோ சொலானோ லோபெஸ் வரைந்த அத்தொடர், 1957 செப்டம்பர் 4 அன்று ஒரு வார இதழில் தொடங்கியது. புவேனஸ் ஐரிஸ் நகரில் ஓரிரவு நண்பர்கள் சிலர் சீட்டாடிக்கொண்டிருக்கின்றனர். வெளியே ஒளிரும் பனி பொழிகிறது. அது தொட்ட உயிரெல்லாம் மடிகிறது. கதவும் சன்னலும் மூடியிருந்த வீட்டில் இருந்ததால் அவர்கள் பிழைக்கின்றனர். வீட்டில் கிடைத்த பொருள்களைக்கொண்டு காப்புடை தைத்து, ஒருவர் பின் ஒருவராக வெளியே வருகின்றனர்.

பெருவீரன் ஒருவன் தோன்றி உலகைக் காப்பதாக அக்கதை கூறவில்லை. கைவினை அறிந்தவர், அறிவியல் கற்றவர், தொழிலாளர், படைவீரர் எனப் பலரும் சேர்ந்தே எதிர்த்து நிற்கின்றனர். தனிமனிதரைவிடக் கூட்டமே உண்மையான நாயகன் என்னும் கருத்தை ஊஸ்டர்ஹெல்டு பின்னாளில் வெளிப்படையாக எழுதினார். தம் சொந்த நகரின் தெருக்களும் விளையாட்டரங்கமும் சித்திரங்களில் இடம்பெற்றதைக் கண்ட வாசகர்கள் தொடரை நெஞ்சில் ஏற்றனர்.

வாசகர் மறுத்த ஓவியம்

1969ஆம் ஆண்டு அதே கதை, மாற்றங்களுடன் வேறொரு வார இதழில் மீண்டும் வெளியானது. இம்முறை ஓவியர் அல்பெர்த்தோ பிரெச்சியா. கறைகளும் கிழிசல்களும் அழுத்தமான நிழல்களும் நிறைந்த புதுமை ஓவியங்களை அவர் வரைந்தார். வல்லரசுகள் தம்மைக் காத்துக்கொள்ளத் தென் அமெரிக்காவை அந்நியர்க்குக் கைவிடுவதாகக் கதையும் கூர்மையாக்கப்பட்டது. இதழின் வாசகர்கள் மனநிறைவு கொள்ளவில்லை. ஓவியம் புரியவில்லை என்று குறைகூறி எழுதினர். இதழ் வாசகரிடம் வருத்தம் தெரிவித்துத் தொடரை விரைந்து முடித்துவிட்டது.

காலம் வேறொரு தீர்ப்பை வழங்கியது. அன்று ஒதுக்கப்பட்ட பிரெச்சியாவின் ஓவியங்கள், இன்று சித்திரக்கதைக் கலையின் சாதனைகளுள் ஒன்றாகப் போற்றப்படுகின்றன. நாட்டின் வரலாறும் கதையின் பொருளை மாற்றியது. 1976இல் அர்ஜென்டினாவில் படையாட்சி ஏற்பட்டது. 1977இல் ஊஸ்டர்ஹெல்டு கடத்தப்பட்டுக் காணாமற்போனார். அவருடைய நான்கு மகள்களும் அவ்வடக்குமுறைக்கு இரையாயினர். அதன்பின் அக்கதையைப் படித்தவர்களுக்கு, மௌனமாகப் பொழியும் கொல்பனி வெறும் கற்பனையாகத் தோன்றவில்லை.

இவ்வரலாறு வாசகர்க்கு இரண்டு செய்திகளைக் கூறுகிறது. வாசகர் குரல் ஒரு தொடரையே நிறுத்தும் வலிமை உடையது. அவ்வலிமை உள்ளதனாலேயே அக்குரல் அவசரப்படக் கூடாது. 'எனக்குப் புரியவில்லை' என்பதும் 'இது தரமற்றது' என்பதும் வேறுவேறு கூற்றுகள். முதலாவது வாசகரைப் பற்றியது. இரண்டாவது படைப்பைப் பற்றியது. முதலாவதை இரண்டாவதாக மாற்றிச் சொல்வது திறனாய்வில் நேரும் பெரும்பிழை.

தெரியுமா?

'எல் எட்டெர்னௌட்டா' முதன்முதலில் வெளிவந்த செப்டம்பர் 4ஆம் நாள், அர்ஜென்டினாவில் சித்திரக்கதை நாளாகக் கொண்டாடப்படுகிறது. 2025ஆம் ஆண்டு அக்கதை இணையவழித் தொடராகவும் வெளிவந்தது.

கரிசலில் இருந்து ஒரு வாசிப்பு

ஒரு கதையை எந்த மண்ணில் இருந்து படிக்கிறோம் என்பதும் கருத்தை வடிவமைக்கிறது. தூத்துக்குடி மாவட்டம் ஓட்டப்பிடாரம் வட்டத்தில், மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் நெடுஞ்சாலையில் எப்போதும்வென்றான் அமைந்துள்ளது. வெற்றியைப் பெயரிலேயே தாங்கிய அவ்வூரைச் சுற்றிலும் மானாவாரிக் கரிசல் காடுகள். பருத்தியும் உளுந்தும் பாசிப்பயறும் கம்பும் சோளமும் மிளகாயும் வானத்தை நம்பி விதைக்கப்படுகின்றன. வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் அவ்வாண்டின் உழைப்பே பொய்த்துவிடும். கோடையில் கால் நுழையுமளவு வெடிக்கும் இம்மண், மழை பெய்தால் ஈரத்தை நெடுநாள் காத்து வைக்கும்.

இந்நிலத்துக்குப் பேரழிவு புதிதன்று. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சம் இன்றும் பேச்சு வழக்கில் உயிருடன் உள்ளது. வறட்சியை அறிந்த இதே மாவட்டம் 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் பெருவெள்ளத்தையும் கண்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. ஊர்கள் தனித்துவிடப்பட்டபோது, ஓர் ஊரார் மற்றோர் ஊரார்க்குச் சோறு சமைத்து அனுப்பினர். கூட்டமே நாயகன் என்னும் கருத்துக்கு அயல்நாட்டுச் சித்திரத்தில் மட்டுமே சான்று தேட வேண்டியதில்லை.

கரிசல் எழுத்தாளர் சோ. தர்மன், 2019ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'சூல்' புதினத்தில் உருளைக்குடிக் கண்மாயையும் அதனைச் சார்ந்த வாழ்வையும் எழுதினார். ஊர்கூடிக் காத்த கண்மாய் சீரழிவதை அப்புதினம் காட்டுகிறது. வானிலிருந்து அந்நியர் இறங்கி வராமலேயே ஓர் ஊரின் உலகம் முடிவுக்கு வரக்கூடும். எப்போதும்வென்றானில் அமர்ந்து ஊழிச் சித்திரக்கதை படிக்கும் மாணவர், 'இது நடக்குமா?' என்று கேட்பதைவிட, 'இதில் எது ஏற்கெனவே நடந்துவிட்டது?' என்று கேட்பது பொருத்தமாகும். அவ்வினாவிலிருந்து பிறக்கும் கருத்து, பெருநகர வாசகர் எவரும் எழுத இயலாத கருத்தாக அமையும்.

கருத்துரைக்கும் முறை

ஒரு சித்திரக்கதைத் தொகுப்பைப் பற்றிக் கருத்துரைப்பவர் சில நெறிகளைக் கைக்கொள்ளலாம்.

1. கதையையும் ஓவியத்தையும் பிரித்து நோக்கிய பின், அவை இணைந்து தரும் பயனைக் கூறுதல் வேண்டும். சொல் கூறாததை ஓவியம் கூறும் கட்டங்களைச் சுட்டிக்காட்டுதல் நன்று.
2. பிடித்தது, பிடிக்கவில்லை என்பது கருத்தின் தொடக்கம். 'ஏன்' என்பதற்குப் படைப்பிலிருந்தே சான்று காட்டும்போது அது திறனாய்வாகிறது.
3. தொகுப்பில் உள்ள எல்லாக் கதைகளும் ஒரே தரத்தில் அமைவதில்லை. சிறந்ததையும் தளர்ந்ததையும் வேறுபடுத்திக் காட்டுதல் வேண்டும்.
4. அழிவை வேடிக்கைப் பொருளாகக் காட்டுகிறதா, அழிவின் காரணத்தைச் சிந்திக்கச் செய்கிறதா என்பதை ஆராய்தல் வேண்டும்.
5. மாற்றுக் கருத்துடையவரை இகழாமல், அவர் கண்டதைத் தாம் காணத் தவறினோமா என்று மறுமுறை படித்துப் பார்த்தல் வேண்டும்.

ஊழிக்கதைகள் அச்சுறுத்துவதற்காக மட்டும் எழுதப்படுவன அல்ல. எது அழிந்தால் வாழ்வு வாழ்வாக இராது என்பதை அவை வாசகரிடம் கேட்கின்றன. அதற்கு ஒருவர் தரும் விடை, அவர் எதை மதிக்கிறார் என்பதைக் காட்டிவிடும். ஒருவர்க்கு அது நீர், மற்றொருவர்க்கு மொழி, வேறொருவர்க்கு அண்டை வீட்டாரின் குரல். சான்றோடும் பணிவோடும் எழுதப்படும் வாசகர் கருத்து, படைப்பாளிக்கு உரமாகும். அடுத்த வாசகர்க்கு வழித்துணையாகும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊர் நூலகத்தில் உள்ள சித்திரக்கதை நூல் ஒன்றைப் படித்து, பாடத்தில் கூறப்பட்ட ஐந்து நெறிகளின்படி ஒரு பக்க அளவில் வாசகர் மடல் எழுதுக.
2. உங்கள் பகுதியில் ஏற்பட்ட வறட்சி அல்லது வெள்ளம் பற்றி வீட்டிலுள்ள முதியோரிடம் கேட்டறிந்து, அதனை ஆறு கட்டங்கள் கொண்ட சித்திரக்கதையாக வரைக.
3. 'வாசகர் விருப்பமே ஓர் இதழை வழிநடத்த வேண்டும்' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

குறுவினா

1. 'ஊழி' என்னும் சொல் உணர்த்தும் பொருள்கள் யாவை?
2. முத்து காமிக்ஸின் முதல் இதழ் எது? அது எப்போது வெளிவந்தது?

சிறுவினா

1. சித்திரக்கதை வாசகர்களின் மூவகையினரை வேறுபடுத்திக் காட்டுக.
2. 'எனக்குப் புரியவில்லை', 'இது தரமற்றது' ஆகிய கூற்றுகளுக்கிடையே உள்ள வேறுபாட்டைப் பாடப்பகுதி கொண்டு விளக்குக.

நெடுவினா

'எல் எட்டெர்னௌட்டா' தொடரின் வரலாறு வாசகர் கருத்தின் ஆற்றலையும் எல்லையையும் எவ்வாறு புலப்படுத்துகிறது? கரிசல் நில வாழ்வோடு ஒப்பிட்டுக் கட்டுரை வரைக.