முதல் காசு முன் டயருக்கு

தம்பி, மலைத் தடத்துல சைக்கிள் வழுக்குதுன்னதும் டயர் வாங்கக் கடைக்கு ஓடாதே. முதல்ல காத்தைக் குறைச்சுப் பாரு. 50 பி.எஸ்.ஐ. அடிச்ச டயர் கல்லு மேல துள்ளத்தான் செய்யும், மண்ணைப் பிடிக்காது. நீ 65 கிலோ, டயர் அகலம் 2.3 இன்ச்னா, ட்யூபோட 28-ல ஆரம்பி. ட்யூப்லெஸ்னா 23, 24 வரைக்கும் இறங்கலாம். பின் சக்கரத்துலதான் உன் எடை அதிகம், அதனால முன்னாடி ரெண்டு புள்ளி குறைவாவே இருக்கட்டும். ட்யூப் இருக்கும்போது ரொம்ப இறக்கிடாதே. கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவுல நசுங்கி, பக்கத்துல பக்கத்துல ரெண்டு ஓட்டை விழும்.

அதுக்கும் அடங்கலைன்னா டயரை மாத்து. ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும்னு எந்தச் சட்டமும் இல்லை. பின் சக்கரம் இழுத்தா சமாளிச்சுடலாம். முன் சக்கரம் இழுத்தா நேரா தரைதான். மெத்துன்னு ரப்பர், ஓரத்துல தடிச்ச பட்டன் இருக்கிற விலை கூடின டயரை முன்னாடி போடு. பின்னாடி பட்டன் தாழ்வா, நெருக்கமா இருந்தா மிதிக்க லேசா இருக்கும். மேக்சிஸ்ல பார்த்தா முன்னாடி மினியன் டி.எச்.எஃப்., பின்னாடி ரீகான். பலரும் போடுற ஜோடி அது.

கோத்தகிரி, குன்னூர் பக்கம் பிப்ரவரி, மார்ச்ல தரை இறுகி, மேல பொடிக்கல் உருளும். அதுக்கு இந்த ஜோடியே போதும். அக்டோபர்ல வடகிழக்குப் பருவமழை பிடிச்சதும் கதை மாறிடும். நெருக்கமான பட்டனுக்கு நடுவுல செம்மண் அடைச்சு, பஜ்ஜி மாவுல முக்கின வாழைக்காயாட்டம் டயர் வழவழன்னு ஆயிடும். உயரமான, விட்டு விட்டு இருக்கிற பட்டன்தான் சேத்தை உதறித் தள்ளும். மேக்சிஸ்லயே ஷார்ட்டி மாதிரி டயர் அதுக்குன்னே வருது. ஆனா நனைஞ்ச பாறையிலயும் மர வேர்லயும் அந்த உயரப் பட்டன் வளைஞ்சு கொடுத்துடும். அங்க காப்பாத்துறது மெத்து ரப்பரும் குறைஞ்ச காத்தும்தான். என்னைக் கேட்டா, வருஷம் முழுக்கச் சேத்துல ஓட்டாதவனுக்குச் சேத்து டயர் வீண் செலவு. (காட்டுக்குள்ள போற தடம்னா வனத்துறை அனுமதி வேணும். அதுக்கு எந்த டயரும் உதவாது!)

மணல்னா அகலம்தான் பெரிசு, பட்டன் அப்புறம்.

வாங்குறப்ப டயர் ஓரத்து எண்ணைப் பாரு. 27.5 இன்ச்னா 584, 29 இன்ச்னா 622ன்னு இருக்கணும். அகலமா வாங்குறதுக்கு முன்னாடி ஃபிரேம்ல எவ்வளவு இடம் இருக்குன்னும் பாரு. சேறு ஒட்டினா சுத்துறதுக்கு இடைவெளி வேணும்ல. மாட்டும்போது ஓரத்துல இருக்கிற அம்புக்குறி சக்கரம் உருளுற பக்கம் பார்த்திருக்கணும்.

எப்பவும் பின் டயர்தான் சீக்கிரம் தேயும். அப்போ புதுசை அங்க மாட்டாதே. முன்னாடி இருக்கிறதைப் பின்னாடி தள்ளிட்டு, புதுசை முன்னாடி போடு.