அம்மா பார்க்கவே இல்லை!

ஃபேன்டஸி கதைகளில் இளவரசர்களுக்கு வாள், குதிரை, ஆசான் எல்லாம் கிடைக்கும். பல நேரம் பெற்றோர் மட்டும் கிடைக்க மாட்டாங்க. இதை நல்லா புரிஞ்சு எழுதியவர் டி.எச். வைட். பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவர். 1958இல் வந்த அவருடைய 'தி ஒன்ஸ் அண்ட் ஃபியூச்சர் கிங்' நாவலில் இரண்டு வளர்ப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

முதலில் ஆர்தர். ராஜா மகன் என்பதே தெரியாமல் சர் எக்டர் வீட்டில் வளர்கிறான். மந்திரவாதி மெர்லின் அவனை மீனாக, எறும்பாக, காட்டு வாத்தாக மாற்றுகிறார். பலமே நியாயம் என்று நம்பும் மீன் ராஜாவையும், எல்லைக்கோடே இல்லாத வாத்துக் கூட்டத்தையும் பார்த்து, ஆட்சின்னா என்னன்னு கத்துக்கிறான். அந்தப் பாடம்தான் பின்னால் வட்ட மேசையாகிறது.

அடுத்து, ஆர்க்னி ராணி மார்காஸின் நான்கு மகன்கள். அம்மா அதே கோட்டையில்தான் இருக்கிறாள்; ஆனா பிள்ளைகளைப் பற்றிக் கவலையே இல்லை. வாய்த்த குருவும் சண்டைக் கதைதான் சொல்கிறார். அம்மாவைச் சந்தோஷப்படுத்த ஒரு யூனிகார்னைக் கொன்று தலையைக் கொண்டு வருகிறார்கள். அவள் கவனிக்காமலே கடந்து போகிறாள். விஷயம் தெரிந்ததும் சவுக்கடி! அந்த யூனிகார்னைக் கொன்ற அக்ரவெய்ன்தான் பின்னாளில் அம்மாவையே கொல்கிறான்.

யோசிச்சுப் பாருங்க. ஆர்தருக்கும் பெற்றோர் பக்கத்தில் இல்லை. ஆனால் அவன் கேள்வி கேட்டால், நின்று பதில் சொல்ல ஒரு பெரியவர் இருந்தார்.