நல்லா அழுத்துங்க அண்ணாச்சி!

குற்றாலத்துக்குப் போய் எண்ணெய் தேய்க்காமல் அருவியில் நின்றால், என் அப்பாவின் அகராதியில் அது குளியலே இல்லை. அந்தப் பழக்கத்தில் ஒரு சாரல் காலத்தில் நானும் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். உச்சந்தலையில் எண்ணெய் வைத்துத் தாளம் போட்டார், அங்கே எண்ணெய் தேய்த்துவிடும் அண்ணாச்சி. தோளைப் பிசைந்தார். கண் சொருகியது. அதோடு நிறுத்தியிருக்கலாம். "இடுப்புல ரொம்ப நாளா பிடிப்பு. நல்லா அழுத்துங்க அண்ணாச்சி" என்றேன். குப்புறப் படுக்கவைத்து முழங்கையை இறக்கினார். வலித்தால்தானே நோய் போகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். மூன்று நாள் செருப்பு மாட்டக்கூடக் குனிய முடியவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன், கேட்டதைத்தானே கொடுத்தார்.

பிறகு ஒரு சித்த மருத்துவரிடம் போனேன். கை வைப்பதற்கு முன் கேள்விகள்தான்: கால் மரத்துப்போகிறதா, சுகர் உண்டா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா? சித்த மருத்துவத்தில் மசாஜுக்குப் பெயர் தொக்கணம். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல் என்று ஒன்பது வகை. எனக்கு அவர் செய்தது இரண்டோ மூன்றோதான், அதுவும் தண்டுவடத்தைத் தொடாமல் அதன் இரு பக்கச் சதையில். தைலத்தை நேராக அடுப்பில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்கினார். ஒரு வாரத்தில் பிடிப்பு இளகியது, தூக்கம் நன்றாக வந்தது. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தால் மறுபடி வரும் என்றார். வந்தது.

இதற்குள் எனக்கு இதில் ஒரு ருசி வந்துவிட்டது. கேரளத்தில் பிழிச்சில் செய்துகொண்டேன். பெயரே விளக்கம்: துணியை இளஞ்சூடான எண்ணெயில் முக்கி உடம்பின் மேல் பிழிந்துகொண்டே தேய்ப்பார்கள். நவரக்கிழியில், பாலிலும் கஷாயத்திலும் வெந்த நவரை அரிசியை மூட்டை கட்டி ஒத்துவார்கள். தசை மெலிந்தவர்களுக்கு இதைச் சொல்கிறார்கள். மேலே கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலால் மிதித்துத் தேய்க்கும் களரி மசாஜும் உண்டு. குற்றாலத்து முழங்கை ஞாபகத்தில் அந்தப் பக்கம் போகவில்லை. நம் ஊர் ஸ்பாக்களில் ஸ்வீடிஷ் என்பது எண்ணெய் போட்டு நீளமாக, மென்மையாக நீவுவது. முதல்முறை போகிறவர்களுக்கு அதுவே போதும்.

எங்கே போனாலும் "உடம்பிலுள்ள நச்செல்லாம் வெளியேறிவிடும்" என்பார்கள். அது கல்லீரலும் சிறுநீரகமும் பார்க்கிற வேலை. தசை இறுக்கம் தளர்வதும் மனசு அடங்குவதுமே கொடுத்த காசுக்குத் தகும்.

எண்ணெயே இல்லாத மசாஜைப் பாங்காக்கின் வாட் போ கோயிலில்தான் பார்த்தேன். அங்கே 1955 முதல் மசாஜ் பள்ளி நடக்கிறது. தாய் மசாஜை 2019இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. தொளதொள உடையோடு பாயில் படுக்கவைத்துக் கட்டைவிரல், முழங்கை, முழங்கால் எல்லாவற்றாலும் அழுத்தி, கை கால்களை இழுத்து வளைக்கிறார்கள். நான் கற்ற ஒரே தாய்ச் சொல் "பாவ் பாவ்", அதாவது மெதுவாக. அதைச் சொன்னதும் அந்த அம்மா சிரித்துவிட்டு அழுத்தத்தைக் குறைத்தார். இத்தனை வருஷம் தமிழில் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லையே!

ஒன்றில் மட்டும் விளையாட வேண்டாம். நெடுந்தூரப் பஸ் பயணம் போய் வந்த என் பெரியப்பாவுக்கு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சுட்டது. தேய்த்துவிட எண்ணெயோடு உட்கார்ந்த என்னை டாக்டருக்குப் படிக்கும் தங்கை தடுத்தாள். ஸ்கேனில் ரத்தக்கட்டி தெரிந்தது. தேய்த்திருந்தால் அது நகர்ந்து நுரையீரலை அடைத்திருக்கலாம். காய்ச்சல், எலும்பு முறிவு, புண் இருந்தாலும் வேண்டாம். சுகரால் பாதம் மரத்தவர்களுக்குக் கிழியின் சூடு உறைக்காது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

போன ஆடியில் மறுபடி குற்றாலம். "மெதுவா போதும் அண்ணாச்சி, முதுகுத்தண்டு மேல கை வேண்டாம்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்புறம் எதுக்குத் தம்பி எண்ணெய்க்குக் காசு கொடுக்கீங்க?"